கெபாப் இல்லடா, கெபாஹ்

டேய், இன்று மதியம் நம் எஸ்டேட் லயத்து வீடுகளில் கொசுப் புகை அடித்தார்கள். அந்த டீசல் நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும். நீ போய் ஏழு மாதம் கழித்துப் புகை வருகிறது. கொசுவே குடி மாறிப் போயிருக்கும்.

நீ இருந்தால் புகைக்குள் ஓடி, "சாமி வந்திருக்கேன், சூடம் காட்டுங்கடா!" என்று கத்தியிருப்பாய். நான் வாசலிலேயே நின்றேன்.

அந்தக் கடிதத்தை மறந்திருக்க மாட்டாய். டிங்கிக் காய்ச்சல் பற்றிப் பள்ளியில் கொடுத்த சுற்றறிக்கை. இரண்டு பக்கமும் மலாய், அதுவும் ஆபீஸ் மலாய். அடியில் கிழித்துக் கொடுக்க ஒரு துண்டு: 'கடிதம் கிடைத்தது' என்று வீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். "நாளைக்கே துண்டு வரணும்" என்றார் வகுப்பாசிரியர். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸில் நாம்தான் பிரித்துப் பார்த்தோம். 'டெமாம் கெபாஹ்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. டெமாம் என்றால் காய்ச்சல், தெரியும். கெபாஹ்?

"இது என்னா காய்ச்சல்லா?" என்றாய்.

"கெபாப் காய்ச்சல்டா. பாசார்ல நின்னுக்கிட்டே தின்னா வரும்."

எஸ்டேட் முனை வரைக்கும் சிரித்தோம்.

உங்கம்மா தமிழ்ப் பத்திரிகையை விளம்பரம்கூட விடாமல் படிக்கிறவர். மலாய் பேசுவார், படிக்க வராது. "என்னய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டார். "கொசுவாம்மா, கையெழுத்துப் போடு" என்றாய் நீ. "கெபாப் திங்கக் கூடாதாம் அத்தை" என்றேன் நான். சிரித்துக்கொண்டே போட்டார்.

மூன்று வாரத்தில் உனக்குக் காய்ச்சல். நாலாம் நாள் உடம்பு சில்லென்று ஆனது. "காய்ச்சல் விட்டுருச்சுப்பா" என்று அத்தை எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார், கோயிலில் தேங்காய் உடைத்தார். நீ வயிறு வலிக்கிறது என்றாய், வாந்தி எடுத்தாய். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதுதான் காரணம் என்றோம். "ஸ்கூலுக்கு இன்னொரு நாள் மட்டம்லா" என்று எனக்குப் போனில் குரல் பதிவு அனுப்பினாய். மறுநாள் விழுந்தாய். ஆஸ்பத்திரி போனபோது நேரம் கடந்திருந்தது.

அங்கே இருந்த தமிழ் நர்ஸ்தான் சொன்னார். கெபாஹ் என்றால் காய்ச்சல் விடுவது. டிங்கியில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து. வயிற்று வலி, வாந்தி என்றால் உடனே ஓடி வரவேண்டும். நாம் சிரித்தது அந்த வரிக்குத்தான்.

அத்தையோடு நானும் பள்ளிக்குப் போனேன். ஆபீஸில் ஒருவர் கோப்பைத் திறந்து துண்டை எடுத்துக் காட்டினார். "நாங்க சொல்லிட்டோமே. இது உங்க கையெழுத்துதானே?" அத்தை தலையாட்டினார். எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்கவேண்டும்போல் இருந்தது. கிடைத்ததா என்று கேட்டவர்களுக்குப் புரிந்ததா என்று கேட்க வாய் வரவில்லை. அறிக்கை விட்டார்களாம்! அக்கறையை எங்கே விட்டார்கள்? என் வாயையும் சும்மா விடமாட்டேன், அதுவும்தான் கொன்றது.

போன வாரம் இன்னொரு சுற்றறிக்கை, எலிக் காய்ச்சல் பற்றி. தெரியாத சொல்லையெல்லாம் கேட்டுத் தமிழில் எழுதினேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நின்று படித்தேன். "புரிஞ்ச பிறகு கையெழுத்துப் போடுங்க" என்றேன். பாதிப் பேரின் துண்டு மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. துணை முதல்வர் கூப்பிட்டார்.

"இது என்ன புதுக் குறும்பு?"

"இது ஒண்ணுதான் சார் குறும்பு இல்லாதது."

உன் கடிதத்தின் இரண்டு பக்கமும் இன்னும் என் பையில் இருக்கிறது. துண்டு மட்டும் அவர்களிடம்.

அன்று பெரட்டில் கடைசி வரிசையில் அத்தையும் நின்றார். பள்ளிக்கு அனுப்ப வீட்டில் யாருமில்லை, ஆனாலும் கடைசிவரை கேட்டார். பிறகு கிட்டே வந்து, சிரிக்காமல் கேட்டார்:

"இதுல கெபாப் ஏதும் இல்லையேய்யா?"