கதவைச் சாத்துவதற்கு முன்

அன்புள்ள மெக்கானிக் ஐயாவுக்கு,

வீட்டில் நானும் குட்டியும் சுகம். கடல் உங்களை நல்லபடியாக வைத்திருக்கிறதா? போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள் என்று ஒரு பெண் தினமும் சொல்கிறாள். அவளோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். கப்பல் அடுத்துப் போய்ச் சேரும் துறைமுகத்தில், உங்களைக் கப்பல் வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட்டின் ஆட்கள் உங்கள் கையில் கொடுத்துவிடுவார்களாம்.

முதலில் நல்ல செய்தி. முதலாளியிடம் நீங்கள் தலைகீழாக நின்று சொல்லிவிட்டுப் போன யோசனை பலித்துவிட்டது. குளிர்க் கிடங்கின் கூரை முழுக்க இப்போது சோலார் தகடுதான். வெயில் இருக்கும்வரை கம்ப்ரசர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, அறையை எப்போதையும்விட ஆழமாகக் குளிர வைக்கின்றன. வெயில் இறங்கியதும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம். உறைந்த சரக்கே விடியும்வரை குளிரைத் தாங்குகிறது. கதவை மட்டும் திறக்கக் கூடாது. முதலாளி கரண்ட் பில்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார். யோசனை தன்னுடையது என்றும் சொல்லிக்கொள்கிறார். போகட்டும், விடுங்கள்.

மிஷின் நிற்கும்போது வருகிற அமைதிதான் எனக்குப் பழகவில்லை. இத்தனை வருடம் அந்த உறுமலுக்கு மேலே கத்திக் கத்தித்தானே பேசினோம். வீட்டுக்கு வந்தும் கத்துகிறேன். நான் என்ன செவிடா என்று குட்டி சண்டைக்கு வருகிறாள்.

கிடங்குக் கதவைச் சாத்துவதற்கு முன் "உள்ளே யாரு?" என்று கூப்பிட வேண்டும் என்பது நீங்கள் வைத்த சட்டம். இன்றைக்கும் மாற்றவில்லை. நீங்கள் உள்ளே இருந்தால் "இரு, வர்றேன்" என்பீர்கள். ஆனால் வரமாட்டீர்கள். கடைசி வரிசையில் எதையாவது திருகிக்கொண்டு நிற்பீர்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன். கப்பலில் அப்படிக் கூப்பிடும் வழக்கமே இல்லை, அடித்தட்டு மீன் அறையை இழுத்துச் சாத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள் என்று கடைசியாகப் பேசியபோது சொன்னீர்களே. நீங்களாவது அவர்களுக்குப் பழக்கிவிடுங்கள்.

சொல்ல வந்தது இதுதான். மிஷினை நிறுத்திய முதல் நாள் சாயங்காலம் வழக்கம்போலக் கூப்பிட்டேன். "இரு, வர்றேன்" என்று பதில் வந்தது. சிரிக்காதீர்கள். குளிருக்கான கோட்டை மாட்டிக்கொண்டு கடைசி வரிசைவரை போய்ப் பார்த்தேன், ஆள் இல்லை. பட்டாணியும் மீனும் கெடாமல் இருக்கும் அறையில் உங்கள் குரல் மட்டும் எப்படிக் கெடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் கூப்பிட்டபோதும் வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வரியாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கதவுக்காரி

*

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் இருக்கிறோம். உங்களிடமிருந்து பதில் இல்லை. கப்பல் இன்னும் துறைமுகம் சேரவில்லை, வரும்போது வரும் என்கிறார் ஏஜென்ட். அவருக்கு அது கப்பல். எனக்கு அப்படியா?

குட்டி பரீட்சையில் நன்றாகவே எழுதியிருக்கிறாள். அவளுக்கு உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. நீங்கள் வந்து சரிசெய்வீர்கள் என்று கீழே வாளி வைத்திருக்கிறேன்.

கிடங்கில் லோடு ஏற்றுகிற ஒட்டகம் அண்ணனை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கதவு நிலையில் தினம் தலையை இடித்துக்கொள்கிறவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கூரைத் தகடுகள் வெயிலில் விரிந்து சாயங்காலம் சுருங்கும்போது சடசடவென்று யாரோ நடக்கிற மாதிரிதான் கேட்கும், அதுதாம்மா, பயப்படாதே என்றார். அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். அது கூரையில் கேட்கும். இது உள்ளே. நானே போய்ப் பார்க்கிறேன் என்று டார்ச்சோடு போனார். நான் வெளியே நின்று கூப்பிட்டேன். அவர் திரும்பி வந்தபோது புருவமெல்லாம் வெள்ளையாக இருந்தது. யாரும் இல்லை என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மறுநாள் முதலாளியிடம் கேட்டுக் காலை வேலைக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். அன்றிலிருந்து கதவு நிலையில் தலையை இடிப்பதில்லை, முன்னாலேயே குனிந்துகொள்கிறார்.

அவர் எதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு "இரு, வர்றேன்" என்பதோடு நிற்கவில்லை. "கை மரத்துப் போச்சு, பிடி அசைய மாட்டேங்குது" என்று சொன்னீர்கள். நம் கிடங்கில் கதவின் உள்கைப்பிடியை நீங்கள்தான் பனி பிடிக்காதபடி செய்து வைத்தீர்கள். அது குழந்தை தொட்டாலும் திறக்கும். அப்படியென்றால் நீங்கள் எந்தப் பிடியைச் சொல்கிறீர்கள்?

அன்று முதல் கதவை முழுக்கச் சாத்தவில்லை. ஒரு கட்டையைக் கொடுத்து விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். தவறுதான். விடிவதற்குள் குளிர் குறைந்து, பெட்டிகளின் மேல் ஈரம் கோர்த்துவிடுகிறது. இருந்தாலும் உங்களை உள்ளே வைத்துப் பூட்ட எனக்குக் கை வரவில்லை.

கடிதம் கிடைத்ததும், திட்டியாவது நாலு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள்
கதவுக்காரி

*

அன்புள்ள உங்களுக்கு,

முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. உன் புருஷன் சொன்ன சோலாரை நீயே கெடுக்கிறாயே என்றார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார், அதுதான் அதிகமாகச் சுட்டது. இந்த வாரமும் அறையில் குளிர் தங்கவில்லை என்றால் சரக்கைப் பணயம் வைக்க முடியாது, பழையபடி விடியவிடிய மிஷினை ஓட்டிவிடுவாராம். ஓடினால் எனக்கு ஒன்றும் கேட்காது. சாத்தினால் நீங்கள் உள்ளே. இதில் எதைச் செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏஜென்ட்டுக்கு மறுபடி போன் செய்தேன். கவலைப்படாதீங்கம்மா, கப்பலிலிருந்து தகவல் வந்தாச்சு, யாரும் இறங்கவில்லை, எல்லோரும் உள்ளேதான் இருக்கிறார்கள் என்றார். உள்ளே என்றால் எங்கே என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

நேற்றுச் சாயங்காலம் குட்டி சொல்லாமல் கொள்ளாமல் என் பின்னாலேயே வந்துவிட்டாள். நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. இப்போதெல்லாம் உங்கள் பதில் ஒவ்வொரு நாளும் தாமதமாகிறது. கதவுச் சட்டத்தைப் பிடித்துப் பிடித்து என் விரல்களும் மரத்துப் போகின்றன. பிறகு குட்டி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் அப்பா என்றாள். அவளுக்கு உடனே பதில் வந்தது. "நீ வீட்டுக்குப் போம்மா, இங்க குளிருது." அவள் அழவில்லை. வழியெல்லாம் என் கையை விடாமல் வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

அதனால் இதற்கு மேல் எழுதுவது உங்களுக்கு அல்ல. இந்த உறையை அவருக்குப் பதிலாக வேறு யார் பிரித்திருந்தாலும், அவர்களுக்கு. கப்பலில் பேசும் பாஷையில் என் மகள் இதையே எழுதி உள்ளே வைத்திருக்கிறாள்.

ஐயா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் மேல் எனக்குக் குறையும் இல்லை. அடித்தட்டுக்குப் போங்கள். மிஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள், சத்தம் முழுக்க அடங்கட்டும். மீன் அறைக் கதவைத் திறந்து, உள்ளே யாரு என்று கூப்பிடுங்கள். உடனே பதில் வராது. அவர் எப்போதும் அப்படித்தான், வர்றேன் என்பார், வரமாட்டார். பொறுமை இழந்து போய்விடாதீர்கள். கடைசி வரிசைவரை நடந்து போய்ப் பாருங்கள். எந்த நிலையில் இருந்தாலும் வெளியே கொண்டுவாருங்கள், வெயில் படும் இடத்தில் வையுங்கள். உங்கள் பிள்ளைகள் நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.

அதுவரை இந்தப் பக்கத்துக் கதவை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அவர் மனைவி