‘வீ’ என்றால் யார் யார்

ஜனவரி 8, திங்கள்

இன்று பிரதிப்பெயர்கள். பதினோரு நர்ஸுகள், ஒரு வெண்பலகை, எழுதாத இரண்டு மார்க்கர். மூன்றாவதைக் குலுக்கிக் குலுக்கியே ஒரு மணி நேரத்தை ஓட்டினேன்.

தமிழில் ‘நாம்’ என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. ‘நாங்கள்’ என்றால் அவர் சேர்த்தி இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘வீ’தான். இதைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். ஏன்சார் விடவில்லை. வகுப்பிலேயே மூத்த நர்ஸ், எதைச் சொன்னாலும் “ஏன் சார்?” என்று கை தூக்குவதால் என் மனதில் அவருக்கு அதுதான் பெயர்.

“அப்ப ஒருத்தர் ‘வீ’ன்னு சொன்னா, நான் உள்ள இருக்கேனா வெளிய இருக்கேனான்னு எப்படி சார் தெரியும்?”

“இடம் பாத்துப் புரிஞ்சுக்கணும்.”

“புரியலேன்னா?”

“கேட்டுக்கணும்மா. வாய் எதுக்கு இருக்கு?”

வகுப்பு சிரித்தது. நானும் பெருமையாகச் சிரித்தேன்.

சாயங்காலம் என் ஆங்கிலத் தேர்வு முடிவு வந்தது. எழுத்து எட்டு. வாசிப்பு எட்டரை. கேட்டல் எட்டு. பேச்சு ஐந்தரை. எல்லாவற்றிலும் ஆறு வேண்டும். இது நான்காவது முறை. இந்த நர்ஸுகளை நான் எந்தத் தேர்வுக்குத் தயார் செய்கிறேனோ அதே தேர்வு. வகுப்பில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் அந்த மார்க்கரை விழுங்கிவிட வேண்டியதுதான்.

இலக்கணம் தெரியாமலா தோற்கிறேன்? தெரிந்து தொலைத்ததால் தோற்கிறேன். “வேர் டூ யூ லிவ்?” என்று கேட்டாள் பேச்சுத் தேர்வு எடுத்த பெண். “ஐ லிவ்” என்று தொடங்கினேன். பதினைந்து வருடமாக இருக்கிறோமே — “ஐ ஹேவ் லிவ்ட்”. இன்னும் இருந்துகொண்டிருக்கிறோமே — “ஐ ஹேவ் பீன் லிவிங்”. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “ப்ளீஸ் கோ ஆன்” என்றாள். எங்கே போவது? நான் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

இரண்டு வருடம் முடிந்தது. இதே நாளில்தான் என் மனைவியும் மகள் குட்டியும் விமானம் ஏறினார்கள். நான் ஒரு வருடம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன், அவள் முதல் முறையிலேயே தேறினாள், அங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கணவனும் தேறினால் அழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். “ஆறு மாசத்துல வந்துடறேன், நான் சொல்லிக்கொடுக்கற தேர்வுதானே” என்றேன். வாய்க்கொழுப்பு.

அன்று ஒரு விதியும் போட்டேன். நான் தேறுகிற வரைக்கும் அவளும் நானும் எழுதுவது பேசுவது எல்லாம் ஆங்கிலத்தில். குட்டியோடு மட்டும் தமிழ். இரண்டு வருடமாக அவள் அந்த விதியை மீறவே இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் அனுப்பிய செய்தியில் பிழை. ‘ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்.’ இவளா! என்னிடம் படித்தவளா! ‘ஆம் ஹேவிங்’ கூடாது. மூன்று நாள் என்பது கால அளவு, அதற்கு ‘சின்ஸ்’ வராது, ‘ஃபார்’ வரும். திருத்தி அனுப்பினேன். ‘நோட்டட்’ என்று பதில் வந்தது. ஒரே சொல். அதில் பிழையில்லை.

இன்று போனில் குட்டி, “அப்பா, நான் போனேன் ஸ்கூலுக்கு என் ஃப்ரெண்ட் கூட” என்றாள். எட்டு வயதுக்குள் வாக்கியம் இப்படித் தலைகீழாகிவிட்டது.

“வினை கடைசியில வரணும் கண்ணு. ‘ஃப்ரெண்ட் கூட ஸ்கூலுக்குப் போனேன்.’ சொல்லு.”

“எப்பப் பாத்தாலும் திருத்தறீங்க” என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அம்மா, “ஷீ இஸ் டயர்ட்” என்றாள். வாக்கியம் சரி.

ஜனவரி 23, செவ்வாய்

ஐந்தாவது முறைக்குப் பதிவு செய்தேன். பிப்ரவரி 24. இதோடு போதும்டா சாமி.

பிப்ரவரி 2, வெள்ளி

காலையில் அவளிடமிருந்து செய்தி. ‘வீ ஆர் மூவிங் டு எ பிக்கர் ஹவுஸ் இன் மார்ச்.’

மார்ச்சில் பெரிய வீட்டுக்குப் போகிறோம். அல்லது — போகிறார்கள்.

பிழை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எழுவாய், பயனிலை, காலம், இடம், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எழுவாயில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை.

பெரிய வீடு ஏன்? இரண்டு பேருக்கு இப்போதுள்ள வீடு போதாதா? மூன்று பேருக்கு என்றால் பெரியது வேண்டும்தான். ஆனால் குட்டியும் வளர்கிறாளே, தனி அறை கேட்டிருப்பாள். பஸ்ஸில் இதையே திருப்பித் திருப்பி யோசித்ததில் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தேன்.

கேட்டுவிடலாம். வாய் எதற்கு இருக்கிறது? ‘டஸ் வீ இன்க்ளூட் மீ?’ என்று தட்டினேன். ‘வீ’க்கு ‘டஸ்’ வராது, ‘டூ’ அல்லவா? இல்லை, இங்கே ‘வீ’ என்பது ஒரு சொல்லின் பெயர், ஒருமை, ‘டஸ்’தான் சரி. அடச்சே! இதையா இப்போது பார்ப்பது? அழித்துவிட்டேன். ‘கங்கிராஜுலேஷன்ஸ்’ என்று அனுப்பினேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

அவள் ஏதோ எடுக்க உள்ளே போன நேரத்தில் குட்டியிடம் கேட்டேன். என்னைப்போல் கோழை உண்டா?

“புது வீடாமே கண்ணு?”

“ஆமாப்பா! நாம பெரிய வீட்டுக்குப் போறோம்! மேல ரெண்டு ரூம்!”

நாம! சொல்லிவிட்டாள்! ‘நாங்க’ இல்லை, ‘நாம’. குழந்தை பொய் சொல்லாது. அவள் அம்மா வீட்டில் அப்படிப் பேசினால்தானே இவள் வாயில் அப்படி வரும்?

பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினேன். கைப்பிடியில் துரு. சக்கரம் ஒன்று சுற்றவில்லை. எண்ணெய் விட்டேன், சுற்றியது. ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் பார்த்து, “எங்க சார், வெளிநாடா?” என்றார். “பாக்கலாம்” என்றேன். வாயெல்லாம் பல்லாக நின்றிருப்பேன் போல, அவரும் சிரித்தார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

“நாம நேத்து கடலுக்குப் போனோம்பா! நாம ஐஸ்கிரீம் சாப்ட்டோம்!”



“யார் யார் போனீங்க?”

“நாமதான். நானும் அம்மாவும்.”

அவ்வளவுதான். இவளுக்கு எல்லாமே ‘நாம’. ஆங்கிலத்தில் ஒரே ‘வீ’, அதனால் தமிழிலும் ஒரே ‘நாம’. போன ஞாயிறு அவள் சொன்னதற்கு ஓர் அர்த்தமும் இல்லை. அதை நம்பிப் பெட்டிக்கு எண்ணெய் விட்டேன், பெரிய மேதாவி.

வந்த எரிச்சலைக் குழந்தைமேல் காட்டினேன். “அப்படிச் சொல்லக் கூடாது. அப்பா வரலேன்னா ‘நாங்க’ன்னு சொல்லணும்.”

“நாங்கன்னா என்ன?”

“என்னைச் சேக்காம சொன்னா நாங்க.”

“ஏன் உங்களைச் சேக்காம சொல்லணும்?”

“இலக்கணம் அப்படி. சொல்லு.”

ஐந்து முறை சொல்ல வைத்தேன். நாங்க கடலுக்குப் போனோம். நாங்க கடலுக்குப் போனோம். ஐந்தாவது முறை அழுகிற குரல். எனக்கு வேறு என்னதான் தெரியும்?

பிப்ரவரி 12, திங்கள்

வகுப்பில் யாரையும் திருத்தவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

பிப்ரவரி 24, சனி

தேர்வு மையத்தின் காத்திருக்கும் அறையில் நுழைந்ததும் என் முகத்தில் ஈயாடவில்லை. என் மாணவிகள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஏன்சார். திரும்பி ஓடியிருப்பேன். அதற்குள் பார்த்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த நுழைவுச்சீட்டைப் பார்த்தார், சட்டென்று எழுந்து மற்ற இருவருக்கும் எனக்கும் குறுக்கே வந்து நின்றார்.

“சார்! எங்களுக்குத் தைரியம் சொல்லவா வந்தீங்க?” என்று சத்தமாகக் கேட்டார்.

“ஆமாம்மா” என்றேன். சீட்டு சட்டைப்பைக்குள் போயிற்று.

அந்த இருவரையும் உள்ளே கூப்பிட்ட பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “எத்தனாவது தடவை சார்?”

“அஞ்சு.”

“எனக்கு மூணு.” ஒரு முறைகூட ‘ஏன்’ என்று கேட்கவில்லை. “உள்ள போய் உங்களை நீங்களே திருத்திக்காதீங்க சார். வகுப்புல எங்களைத் திருத்தறீங்களே, அதுவே ஜாஸ்தி.”

உள்ளே தேர்வு எடுத்த பெண், நீங்கள் வாழ விரும்பும் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். பார், கேள்வியைப் பார். மேலே இரண்டு அறை உள்ள ஒரு வீட்டைப் பற்றிப் பேசினேன். நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் பேசினேன். ஒரு பெண் குழந்தை மாடிப்படியில் ஓடுகிறது. அவள் அம்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறாள். ஒருமை பன்மை எல்லாம் காற்றில் பறந்தது. இறந்த காலத்தில் தொடங்கி எதிர்காலத்தில் முடித்தேன். அந்தப் பெண் போதும் என்று கை காட்டும்வரை நிறுத்தவில்லை.

வெளியே வந்ததும் நான் செய்த பிழைகளை எண்ணிப் பார்த்தேன். பதினாலு. போச்சு.

மார்ச் 8, வெள்ளி

ஆறரை!

பேச்சு ஆறரை. மூன்று முறை பார்த்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏன்சார் ஏழு. “சார், நான் உங்களையே மிஞ்சிட்டேன்” என்று வகுப்பு வாசலில் காதோடு சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவளுக்குச் செய்தி அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாயால் சொல்ல வேண்டும். தமிழில் சொல்ல வேண்டும். விதி முடிந்தது.

மார்ச் 10, ஞாயிறு

“தேறிட்டேன்” என்றேன்.

இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

“நெஜமாவா?” என்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் தமிழ். அதைக் கேட்டதுமே எனக்கு அழுகை வந்துவிட்டது, அடுத்தது என்ன வரப்போகிறது என்று தெரியாமலேயே.

“என்னங்க, நீங்க இங்க வர…” என்று நிறுத்தினாள்.

தமிழில் வினை கடைசியில் வரும். வரலாம். வரணும். வரப்போறீங்க. எதுவும் வரலாம்.

“…வேண்டாம்” என்றாள்.

என்ன கேட்டேன் என்று நினைவில்லை. ஏன் என்றுதான் கேட்டிருப்பேன்.

“போன மாசத்துக்கு முன்மாசம் எனக்கு மூணு நாள் காய்ச்சல். எந்திரிக்கக்கூட முடியல. குட்டி தானா எதையோ சாப்ட்டுட்டு ஸ்கூலுக்குப் போச்சு. உங்களுக்கு எழுதினேன். நீங்க ‘சின்ஸ்’ இல்ல ‘ஃபார்’னு அனுப்புனீங்க. காய்ச்சல் விட்டுச்சான்னு இன்னிக்கு வரைக்கும் கேக்கல.”

கேட்கவில்லைதான். கேட்கவே இல்லை.

“கோவத்துல சொல்லல. முதல் வருஷம் ஒவ்வொரு தடவையும் உங்க முடிவுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் எப்ப விட்டேன்னு எனக்கே தெரியல. இப்ப பழகிடுச்சு.”

“புது வீடுன்னு எழுதினியே. அந்த ‘வீ’ல நான் இருந்தேனா?”



“எழுதறப்ப அதை நான் யோசிக்கவே இல்லீங்க.”

இருந்தீர்கள் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இதற்கு என்ன சொல்வது? “காய்ச்சல் விட்டுச்சா?” என்று கேட்டேன். இரண்டு மாதம் கழித்துக் கேட்கிற கேள்வியா அது? “விட்டுச்சு” என்றாள். அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 13, புதன்

பெட்டியைப் பரணில் ஏற்றினேன். இப்போது சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது.

மார்ச் 22, வெள்ளி

ஏன்சார் கிளம்புகிறார். விடைபெற வந்தார். “நீங்க எப்ப சார் போறீங்க?” என்றார். “பாக்கலாம்” என்றேன். வழக்கம்போல ஏன் என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. கையைப் பிடித்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார். அடுத்த வாரம் புது வகுப்பு, ஒன்பது பேர்.

மார்ச் 31, ஞாயிறு

காலை பத்து மணிக்குக் குட்டி வீடியோவில் வந்தாள். புது வீடு. போனைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாய் ஓடிக் காட்டினாள்: மாடிப்படி, மேலே இரண்டு அறை, அவள் கட்டில், அம்மாவின் அறை, இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். அம்மா வேலைக்குப் போயிருக்கிறாளாம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கீழே உட்கார்ந்திருக்கிறாராம்.

“நல்லாருக்காப்பா?”

“ரொம்ப நல்லாருக்கு கண்ணு. நீ சாப்ட்டியா? உடம்பு நல்லாருக்கா?”

இதையெல்லாம் நான் கேட்டுப் பழக்கமில்லை, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து போனை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். ஏதோ ஒப்பிக்கப் போகிறவள் மாதிரி தொண்டையைச் செருமினாள்.

“நான் மறக்கலப்பா. இப்பச் சொல்றேன் கேளுங்க. ‘நாங்க புது வீட்டுக்கு வந்துட்டோம்.’ சரியாச் சொன்னேனா?”

வினை கடைசியில் இருந்தது. எழுவாயும் சரியாக இருந்தது.

“சரி கண்ணு” என்றேன். “ரொம்பச் சரியாச் சொன்ன.”

அவள் கை தட்டிக்கொண்டாள். அவள் பேசியதில் நான் திருத்த ஒன்றுமே இல்லாமல் போனது இதுதான் முதல் முறை.