பாதி எடைத் துப்பாக்கி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இருமல் தேவலையா? அம்மாவின் கால்வலி குறைந்ததா? நான் சித்தி வீட்டில் நலமாகப் படித்து வருகிறேன்.

நேற்று சித்தி தான் வேலை செய்யும் ஆயுதத் தொழிற்சாலைக்கு என்னை அழைத்துப் போனார். அண்ணன் படையில் முதுகு ஒடியத் தூக்குகிறானே, அந்தக் கனரக இயந்திரத் துப்பாக்கியை அங்கே பாதி எடையில் புதிதாகச் செய்திருக்கிறார்கள்.

"தூக்கிப் பாருடி, புத்தகப் புழு!" என்றார் சித்தி. ஒரு முனை என் கையோடு எழுந்துவிட்டது!

"இவ்வளவு லேசா இருந்தா சுடும்போது துள்ளாதா சித்தி?"

"துள்ளாதாவது! முதல்ல செஞ்சது கன்னுக்குட்டி மாதிரி குதிச்சுது. அதை அடக்கறதுக்குள்ள எனக்குப் பாதித் தலை நரைச்சுப்போச்சு."

எப்படி அடக்கினார்கள் தெரியுமா அப்பா? சுட்டதும் குழல் பின்னால் சறுக்குகிறது. சுருள்வில் அதை முன்னே தள்ளுகிறது. அது முன்னே பாய்ந்து வரும்போதே அடுத்த தோட்டா வெடிக்கிறது. அந்தப் பாய்ச்சலை நிறுத்துவதிலேயே உதையின் பெரும்பகுதி தீர்ந்துபோகிறது. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அத்தனை வெடிக்கும் துப்பாக்கியைத் தாங்கும் முக்காலி அசையவே இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"முன்னெல்லாம் இதை மலையடிவாரத்துலயே விட்டுட்டுப் போவாங்க. இனி ரெண்டு பேரே உச்சிக்குக் கொண்டு போயிடலாம்" என்றார் சித்தி. நானும் கைதட்டினேன். பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது: துப்பாக்கி அடிவாரத்தில் நின்றதால்தான் அண்ணனும் இதுவரை அடிவாரத்தில் இருந்தான்.

என் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். அண்ணன் ஃபோன் செய்தால் என்னிடமும் பேசச் சொல்லுங்கள். சித்தி சாப்பிடக் கூப்பிடுகிறார். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டும்போது, மலையைப் பற்றிய பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள் அப்பா.

உங்கள் மகள்