பாதிச் சேலை

மண்ணுக்குள் இருக்கும் என் அம்மாவுக்கு,

உன் சேலையைத் தெருவில் பார்த்தேன்.

இதை எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்தேன். வேறு எப்படியும் சொல்ல வரவில்லை. ரயிலடிக்குப் பக்கத்தில், மூடிக்கிடக்கும் துணிக்கடையின் முன்னால், ஐந்தடி நடைபாதையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் உடம்பில் உன் கல்யாணச் சேலை. சாயம் மங்கிய அரக்கு. முந்தானை ஓரத்தில் அந்தச் சின்ன ஓட்டை. கோயிலில் மெழுகுதிரி சாய்ந்து பொசுக்கியது. நீ மஞ்சள் நூலால் தைத்தது.

நீ மலேரியாவில் கிடந்தபோது உன் மற்றச் சேலைகளையெல்லாம் கொய்னா மாத்திரைக்காக விற்றோம். இதை மட்டும் தொடவிடவில்லை நீ. "அது நான் போறப்ப கட்டிக்கிட்டுப் போறதுக்கு" என்றாய். அதை விற்றிருந்தால் இன்னொரு வாரத்துக்கு மருந்து கிடைத்திருக்கும். கட்டிக்கொண்டு போனாய்.

அடக்கம் செய்த மூன்றாம் நாள் பூ எடுத்துக்கொண்டு வந்தோம். குழி திறந்து கிடந்தது. உன்னை எப்படிக் கண்டோம் என்று எழுதமாட்டேன். செபமாலையை மட்டும் திருடர்கள் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதை யாரும் உடுத்த முடியாது.

துணி இல்லாத காலம், அம்மா. நீ போனபிறகு இன்னும் மோசம். தெப்ராவ் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் ஷீட்டை வெட்டி இடுப்பில் கட்டுகிறார்களாம். கோணிச் சாக்கையும் சப்பான்காரன் மூட்டை கட்ட எடுத்துக்கொண்டான். அப்பாவுக்கு ஒரு வேட்டி. எனக்கு ஒரு கால்சட்டை, இரண்டு முழங்காலிலும் வேறு வேறு நிறம். படுக்கை விரிப்பு, திரைச்சீலை, உன் பழைய பாவாடை, எல்லாம் அரிசியாகிப் போய்விட்டன. அரிசியும் போய்விட்டது. இப்போது ஊபிதான். காலையில் மரவள்ளிக் கிழங்கு, மாலையில் அதே கிழங்கு.

என் கல்லூரிப் புத்தகங்களைக் கச்சான் கடலை விற்பவன் வாங்கிக்கொண்டான். ஏழ்மை ஏன் உண்டாகிறது என்ற அத்தியாயத்தில் பொட்டலம் கட்டுகிறான். நன்றாகக் கட்டுகிறான்.

உனக்கு நினைவிருக்கிறதா? சிங்கப்பூரிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே உன்னிடம் வாதாடினேன். பிச்சை போடுவது ஏழ்மையை நீட்டிக்குமே தவிர ஒழிக்காது என்றேன். நீ செவ்வாய்க்கிழமைக் கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சரிப்பா. உன் புஸ்தகம் ஒழிச்சதும் சொல்லு. நான் சட்டியக் கழுவிக் கவுத்துர்றேன்."

அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்ட கஞ்சி. செவ்வாய்தோறும் கோயிலின் பின்பக்கம். அதற்கு நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய்: வந்தவர்களுக்குத்தான். ஆளுக்கு ஒரு குவளை. வராதவர்களுக்கு வாங்கிப் போவது கிடையாது. எப்போதோ ஒருத்தி வீட்டில் நோயாளிப் பிள்ளை என்று இரண்டு குவளை வாங்கிப்போனாள். நீ பின்னாலேயே போய்ப் பார்த்தாய். பிள்ளையே இல்லை. அன்றிலிருந்து அந்தச் சட்டம்.

தோட்டத்தில் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்து நிற்காதவனுக்குப் பெயரும் கிடையாது, கூலியும் கிடையாது. நம் வீட்டுக் கருணையும் பெரட்டுக்களத்திலிருந்துதான் வந்தது. இதை உன்னிடம் சொல்லியிருந்தால் கரண்டியால் அடித்திருப்பாய்.

நீ போனபிறகு அப்பா கஞ்சியை நிறுத்தவில்லை. கொல்லையில் இருக்கும் கிழங்கைப் பிடுங்கி அவரே காய்ச்சுகிறார். சட்டமும் அப்படியே இருக்கிறது. ஒரு சொல் மாறவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வந்தேன். பெயர் செல்லாயி. அப்பா வேலைபார்த்த தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவள். புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். லயத்து வீட்டிலிருந்தும் விரட்டிவிட்டார்கள். அங்கம்மா என்ற இன்னொருத்தியோடு நடந்தே ஜொகூர் பாரு வந்திருக்கிறாள். அந்த நடைபாதையில் அப்படி வந்தவர்கள் நிறையப் பேர். ஆட்கள் அவர்கள் காலைத் தாண்டிப் போகப் பழகிவிட்டார்கள். நானும்தான்.

சேலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னா தம்பி, இப்படி மொறைக்கிற?"

"இந்தச் சேல எங்க கெடைச்சுது?"

"ஊபித் தோட்டத்துல கெழங்கு பிடுங்குனேன். காசு இல்லன்னு தோட்டக்காரன் இதக் குடுத்தான். சப்பான் காச வச்சு என்னா செய்யிறது, இதாச்சும் மானத்த மூடும்னு வாங்கிக்கிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தெரியும் தம்பி. வாங்குனப்பவே தெரியும். மூணு தடவ அலசிட்டேன். மண்ணு வாசம் போகல."

"எங்கம்மா சேல."

அவள் முந்தானையை இழுத்து மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் வச்சிருந்தாங்க" என்றாள். "வேணுமா?"

"வேணாம்."

"அப்ப மொறைக்காதப்பா. பயமா இருக்கு."

அப்போதுதான் கவனித்தேன். சேலை ஒரு சுற்றுதான் வந்தது. மீதி எங்கே என்று கேட்டேன். கடைக்குள்ளேயிருந்து அங்கம்மா எட்டிப் பார்த்தாள். அவள் இடுப்பில் மற்றப் பாதி.

"ஒருத்திக்கு எதுக்கு முழுச் சேல?" என்றாள் செல்லாயி. "நாங்க என்னா கோயிலுக்கா போறோம்?"

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உன் மகன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. திருடிய சாமான் வைத்திருந்தான் என்று ஒருவன் தலையைச் சப்பான்காரன் வெட்டி ஊர் பார்க்க வைத்திருந்த நேரம். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பசி சொல்லிவிட்டது. அடுத்த செவ்வாய் செல்லாயி அங்கம்மாவோடு கஞ்சி வரிசையில் வந்து நின்றாள்.

அவள் முறை வந்தது. அப்பா கரண்டியைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார்.

"இது யாரு சேல?"

"என்னுதுதாங்க கிராணி ஐயா. கூலிக்குக் குடுத்தாங்க."

"இது என் பொஞ்சாதி கல்யாணச் சேல. இந்த ஓட்ட எனக்குத் தெரியும்."

பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "அலமாக்! பொணத்துச் சேலையா? புதுப் பொண்ணாட்டம் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறா பாரு!"

"சப்பான்காரன்கிட்ட புடிச்சுக் குடுங்கய்யா" என்றான் ஒருவன். அவனும் கஞ்சிக்கு நின்றவன்தான்.

"அப்பா, விடுங்க. அவ திருடல" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்" என்றார் மெதுவாக. "சேலய மட்டும் குடுத்துரு. அது அவளோடது."

"இங்கயேவாங்க ஐயா?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணியமான மனிதர், உனக்குத் தெரியும்.

செல்லாயி கோயில் சுவரின் பின்னால் போனாள். அங்கம்மா மறைத்துக்கொண்டு நின்றாள். முந்தானை இல்லாத அவள் பாதியை அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு அங்கம்மா சேலையைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தாள். செல்லாயி அதை நன்றாக, ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்திருந்தாள். அப்பா அங்கம்மாவின் குவளையில் கஞ்சி ஊற்றினார்.

"அவளுக்கு?" என்றாள் அங்கம்மா.

"வந்து வாங்கட்டும்."

"அப்பா, சுவருக்கு அந்தப் பக்கம்தான் நிக்கிறா."

"உங்கம்மா வச்ச சட்டம்டா. நான் மாத்த மாட்டேன்."

அம்மா, அப்பா கொடூரமாகப் பேசவில்லை. கண் கலங்கியிருந்தது. உன்மேல் உள்ள அன்பினால் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுப்படியில் மிஞ்சிக் கிடந்த கரிச் சாக்கு ஒன்றை எடுத்துச் சுவரைத் தாண்டிப் போட்டேன். சின்னச் சாக்கு. முன்பக்கத்தை மூடினால் பின்பக்கம் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு எப்படியோ அந்தத் துணிக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். அதன்பிறகு அவள் வெளியே வரவில்லை. மூலையில் சிப்பாய்கள் நிற்கிற தெரு அது.

அப்பா பாதிச் சேலையை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து மூடி, உன் பெட்டிக்கு மேலே ஒரு முழ ஆழத்தில் புதைத்தார். உனக்கு அது தெரிந்ததா? கனம் கூடியதா? அன்று ராத்திரி அப்பா நிம்மதியாகத் தூங்கினார்.

இரண்டு செவ்வாய் போய்விட்டது. அங்கம்மா மட்டும் வருகிறாள். ஒரு குவளை வாங்கி, குடிக்காமல் கொண்டுபோகிறாள். என் கிழங்கை ஒரு டப்பாவில் போட்டு நானும் கொண்டுபோகிறேன். கடைப் பலகையின் இடுக்கு வழியாக ஒரு கை வந்து வாங்கிக்கொள்கிறது. முகத்தைக் காட்டுவதில்லை.

"சாப்பாடு கெடக்கட்டும் தம்பி" என்றாள் அங்கம்மா. "அவ தண்ணிக்கு வெளிய வர முடியல. கூலிக்கு வர முடியல. உள்ளயே இருமிக்கிட்டுக் கெடக்கா. என்னுதக் கட்டிக்கிட்டுப் போடின்னா, அப்புறம் நீ எதக் கட்டுவன்னு கேக்குறா. ஒரு நாள் நான், ஒரு நாள் அவன்னு மாத்திக் கட்டலாம்னாலும் கேக்கல. இப்ப எந்திரிக்கவும் முடியல."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "கிராணியம்மா கோவிச்சுக்கிட்டாங்களா தம்பி?"

அம்மா, கோவித்துக்கொண்டாயா?

யோசித்துப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் அந்தச் சேலையைக் கொடுத்திருப்பாயா? கஞ்சி கொடுத்திருப்பாய். உன் உயிருக்கே கொடுக்காத சேலையை இன்னொருத்திக்குக் கொடுத்திருக்க மாட்டாய் என்றுதான் தோன்றுகிறது. அதற்காக உன்னைக் குறைசொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு அள்ளி ஊற்றியவள் தனக்கென்று வைத்திருந்தது அது ஒன்றுதான். ஆனால் செல்லாயிக்கு வாழ்நாளில் கிடைத்த நல்ல துணியும் அது ஒன்றுதான். கிடைத்த அன்றே அவள் அதை இரண்டாகக் கிழித்துவிட்டாள்.

என் புத்தகம் சொன்னது இன்னும் உண்மைதான். பாதிச் சேலையால் ஒன்றும் மாறாது. இந்தத் தெருவில் மட்டும் எத்தனை பேர். ஸ்கூடாய் சாலை நெடுக எத்தனை பேர். அந்தச் சேலையை யாராவது பறித்துக்கொள்ளலாம். அவள் அதைக் கட்டும்வரை இருப்பாளா என்பதே தெரியாது. நேற்று அந்தக் கை சூடாக இருந்தது. இதையெல்லாம் அறிந்துதான் எழுதுகிறேன். நம்பிக்கை ஒன்றும் இல்லை.

நாளை கல்லறைத் திருநாள். மெழுகுதிரி கிடையாது, சிரட்டையில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுக்கொண்டு எல்லோரும் வருவார்கள். சாமியார் கல்லறைகளை மந்திரிப்பார். நான் மண்வெட்டியோடு வருவேன்.

இன்று மாலை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கத்தியை அசைக்கவில்லை.

"தோண்டுனா இந்த வீட்டுக்குள்ள கால வைக்காத. அந்த அஞ்சடியிலயே போய்ப் படுத்துக்க."

"சரிப்பா."

"படுக்க எடமில்லாதவனத்தான் லாரியில ஏத்திச் சயாமுக்கு அனுப்புறான். அதுவும் தெரியும்ல?"

"தெரியும்பா."

அவர் உரித்த கிழங்கில் ஒன்றை என் பக்கம் தள்ளினார். இருவரும் சாப்பிட்டோம். இப்போது பக்கத்து அறையில் இருமுகிறார். தூங்கவில்லை.

உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, அம்மா. சொல்கிறேன். இருட்டில் வந்து தோண்டினால் அது திருட்டு. நான் பகலில், எல்லோரும் பார்க்க, உன் பெயரைச் சொல்லித் தோண்டுவேன். ஒரு முழம்தான். உன் பெட்டியைத் தொடமாட்டேன். டின்னை எடுத்துக்கொண்டு, மண்ணைத் திரும்ப மூடி, பூ வைத்துவிட்டுச் செல்லாயியிடம் போவேன்.

செவ்வாய்க்கிழமை வரிசையில் வந்து நிற்பேன். செல்லாயி இருந்தால் அவளுக்குப் பின்னால். இல்லாவிட்டால் அங்கம்மாவுக்குப் பின்னால். நானும் வீடில்லாதவனாக, கையில் ஒரு டப்பாவோடு. அப்பா கரண்டியைத் தூக்கி என்னைப் பார்ப்பார். ஊற்றித்தான் ஆகவேண்டும். வந்தவர்களுக்குக் கஞ்சி உண்டு என்பதும் உன் சட்டம்தானே?

வருவேன் அம்மா. இதை மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்.

நாளைவரை உன் வீட்டில் இருக்கும்,
அதன்பிறகும் உன் ஒரே மகன்,
சவரி