விறகுக் கோடும் தண்ணீர்க் கோடும்

என் ராகேலுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கவே கை போகிறது. நீ இருக்கும் இடத்தில் அந்தக் கேள்விக்கு அவசியமில்லை என்று வேத வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள்தான் நான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நம் பள்ளிக்கூடத்துப் பத்திரிகையில் உன்னைப் பற்றி எழுதச் சொன்னார்கள். உன்னைப் பற்றி எழுத வரவில்லை. உனக்கு எழுதத்தான் வருகிறது. உன்னைப் பார்த்திராதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்பச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே.

இந்த வாரம் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டத்தாள் பாடம் எடுத்தேன். சண்டை தொடங்கியதிலிருந்து சீமையிலிருந்து கட்டத்தாள் வருவதில்லை. நானே அளவுகோல் வைத்து வெள்ளைத்தாளில் கட்டம் போட்டுக் கொடுக்கிறேன். ஒருத்தி எழுந்து, “கோட்டுக்கு எந்தப் பக்கம் கரி பூசணும் டீச்சர்?” என்று கேட்டாள். அதைக் கேட்டதும் உன் அடுப்புக்கரிதான் நினைவுக்கு வந்தது.

நீயும் நானும் பயிற்சி முடித்து, பாளையங்கோட்டையில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே நாளில் வந்து சேர்ந்தோம். விடுதியில் ஒரே அறை. அந்த வருஷம்தான் கணக்கில், கட்டத்தாளில் கோடு போடும் கிராபு புதிதாக வந்தது. நம் இருவருக்கும் யாரும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு நாமே முட்டிமோதிப் படித்தோம். “இது அதற்குச் சமம்” என்றால் கோடு போட வந்துவிட்டது. “இதற்கு மிஞ்சக்கூடாது, அதற்குக் குறையக்கூடாது” என்று வந்த கணக்குகளில்தான் இருவரும் மாட்டிக்கொண்டோம். மிஞ்சக்கூடாது என்பதை எப்படி வரைவது? கோட்டின் மேலேயே புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்தேன். நீ சிரித்தாய். உனக்கும் தெரியாது, ஆனாலும் சிரித்தாய்.

பாடம் அப்படிப் பாதியில் நிற்கும்போதுதான் ஐப்பசி மழையோடு ஆற்றங்கரை ஊர்களில் வாந்திபேதி வந்தது. கொதிக்க வைக்காத தண்ணீர் ஒரு சொட்டுக்கூட யார் வாயிலும் படக்கூடாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதம் விடுதிச் சமையலைப் பார்த்துக்கொள்ளும் முறை உன்னுடையது. அம்பாசமுத்திரத்திலிருந்து வரும் விறகு வண்டிகள் மழையில் நின்றுபோயின. சமையல்காரி பொன்னுத்தாயி இருப்பைப் பார்த்துவிட்டுக் கறாராகச் சொன்னாள்: “ஒரு நாளைக்குப் பன்னெண்டு கட்டு. அதுக்கு மேல ஒரு சுள்ளி எடுக்க விட மாட்டேன்.”

அன்று சாயங்காலம் அடுப்படி வாசலில் உட்கார்ந்து கட்டத்தாளை விரித்தாய்.

“ஏளா எஸ்தரு, இங்கன வா. குறுக்க போனா சோத்துப்பானை. மேல ஏறுனா வெந்நிப்பானை. சோத்துப்பானை ஒண்ணுக்கு ரெண்டு கட்டு வெறகு. வெந்நிக்கு ஒரு கட்டு. பன்னெண்டு கட்டையும் சோத்துக்கே எரிச்சா எத்தன பானை?”

“ஆறு.”

“வெந்நிக்கே எரிச்சா?”

“பன்னெண்டு.”

இரண்டு இடத்திலும் புள்ளி வைத்துச் சேர்த்தாய். அதுதான் விறகுக் கோடு. “இப்பச் சொல்லு, நாம எந்தப் பக்கம் நிக்கணும்?”

எனக்குத் தெரியவில்லை. நீயும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு குறுக்குக் கோடும் மேல்கோடும் தொடங்கும் மூலையில் விரலை வைத்தாய். “இங்கன பாரு. இது ஒண்ணுமே சமைக்காத நாளு. அன்னைக்கு வெறகு போதுமா?”

“தாராளமாப் போதும்.”

“அப்ப வெறகுக் கோட்டுக்கு இந்தப் பக்கந்தான் நம்ம பக்கம். ஆனா பிள்ளைகளுக்கு மூணு பானைச் சோறாவது வேணும். ஒண்ணுமே சமைக்கலன்னா பட்டினி. அதனால மூணுல ஒரு சோத்துக் கோடு. அதுக்கு அந்தப் பக்கம்.” தண்ணீருக்கும் அப்படித்தான். நாலு பானைக்குக் குறையக்கூடாது. அந்தக் கோட்டுக்கு மேலே.

ஆகாத பக்கங்களில் எல்லாம் அடுப்புக்கரியைப் பூசினாய். நடுவில் ஒரு சின்ன முக்கோணம் வெள்ளையாக மிஞ்சியது. அதற்குள் எங்கே விரல் வைத்தாலும் பிள்ளைகள் பசியாறலாம், நல்ல தண்ணீர் குடிக்கலாம், விறகும் போதும். பொன்னுத்தாயி எட்டிப் பார்த்து, “இத்தினிக்கூண்டு எடத்துலயா இத்தன பிள்ளையளும் பொழைக்கணும்?” என்றாள். நாம் இருவரும் சிரித்தோம். பாடம் புரிந்த சந்தோஷம் நமக்கு. அவள் சிரிக்கவில்லை.

பிறகு மதிலுக்குப் பின்னால் குடிசைகளில் இருந்த கூலிக்காரப் பெண்கள் குடத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தியின் இடுப்பில் கண் செருகிய குழந்தை. “கொதிச்ச தண்ணி கொஞ்சம் குடுங்கம்மா. எங்க வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு.” நீ என்னைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. தண்ணீர்க் கோட்டை ஆறு பானைக்கு ஏற்றிப் போட்டாய். முக்கோணம் சுருங்கி ஒரே ஒரு புள்ளியாக நின்றது. மூன்று சோறு, ஆறு வெந்நீர். அன்றிலிருந்து அவரவருக்கு அளந்துதான் ஊற்றினோம். அவர்களுடைய குடிசைகளுக்கு நீயே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாய்.

அடுத்த வாரம் விறகுக் கொட்டகையும் ஒழுகியது. “இனிமே பத்து கட்டுதான் தேறும்” என்றாள் பொன்னுத்தாயி. நீ புதுக் கோடு போட்டாய். தாள் முழுவதும் கரியாகிவிட்டது. நிற்க இடமில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, சீமையிலிருந்து வந்து பள்ளிக்கூடத்தை நடத்திய பெரிய மிஸ்ஸியம்மாவிடம் போனாய். நானும் பின்னால் வந்தேன். அவர்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள். வேதத்திலிருந்து படித்த தமிழ் அவர்களுடையது.

“ராகேல், வெளியே இருக்கிறவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிடு. தண்ணீரின் கோடு நாலுக்கு இறங்கும். அப்போது உனக்கு ஒரு புள்ளி கிடைக்கும் அல்லவா?”

கணக்கு சரிதான். எனக்குப் பயமாக இருந்தது, சரி என்று சொல்லிவிடு என்று உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ நகரவில்லை.

“தண்ணிக் கோட்ட எறக்க மாட்டேன் அம்மா. வெறகுக் கோட்டத் தள்ளி வச்சுக்கிடுதேன்.”

“எதைக் கொண்டு?”

“பெஞ்சுகளக் கொண்டு.”

மிஸ்ஸியம்மாவின் முகம் சிவந்தது. அந்தப் பெஞ்சுகளுக்காக அவர்கள் சீமையில் எத்தனை பேருக்குக் கடிதம் எழுதினார்கள் என்று நமக்குத் தெரியும். “பிள்ளைகள் எதில் உட்காருவார்கள்?”

“தரையில அம்மா. வீட்டுல எல்லாரும் தரையிலதான உக்காருதாவ.”

அவர்கள் எழுந்து ஜன்னலருகே போனார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமலே, “என் மேஜையைத் தொடாதே” என்றார்கள். அது சம்மதம் என்று வெளியே வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நீ அதற்குள் கோடரி தேடப் போயிருந்தாய்.

மழை விடும்வரை பெஞ்சுகளை எரித்து அதே பன்னிரண்டு கட்டை ஈடுகட்டினோம். விடுதியில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடுப்பில் கண் செருகிக் கிடந்த அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. வண்டிகள் ஓடத் தொடங்கி, டாக்டரும் இனிப் பயமில்லை என்று சொன்ன பிறகு, ஒரு காலையில் வாந்திபேதி உன்னைப் படுக்கையில் போட்டது. விளக்கு வைக்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

ராகேலே, நீ ஏன்?

அந்த ஒரு புள்ளியில் ஒரு குவளைகூட மிச்சமில்லை. புதிதாக ஒரு குடம் வாசலுக்கு வரும் நாளிலெல்லாம் நீ எதிலிருந்து ஊற்றினாய்? நான் குவளையை நீட்டும்போதெல்லாம், “நான் அப்பமே குடிச்சாச்சு, நீ குடி” என்பாய். நீ குடித்து நான் பார்த்ததில்லை. குடிசைகளுக்குப் போய்வந்த கையாலும் ஒட்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். அதை நம்பிக்கொண்டு தூங்கப் போகும் நாட்கள் உண்டு. நம்ப முடியாத நாட்களும் உண்டு.

சனிக்கிழமை சீவலப்பேரிக்குப் போயிருந்தேன். உன் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. நடவுக்கு இப்போது யாரும் கூப்பிடுவதில்லையாம். என் குரலைக் கேட்டதும், “வாம்மா எஸ்தரு, பைய வா, வாசல்ல வழுக்கும்” என்று கையை நீட்டினாள். கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

“எம் மவ கொதிச்ச தண்ணி குடிச்சாளா, ஆத்துத் தண்ணி குடிச்சாளா?”

இத்தனை வருஷம் அவள் கேட்கவே இல்லை. குடித்திருப்பாள் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. “தெரியலம்மா” என்றேன்.

அவள் என் கையை விடவில்லை. “வாரவுக எல்லாரும் குடிச்சிருப்பா, குடிச்சிருப்பான்னுதான் சொல்லுதாவ. அவளப் பெத்தவ நான். எனக்குத் தெரியாதா அவ எப்பிடின்னு? தெரியலன்னு சொன்னது நீ ஒருத்திதான்.” அதன் பிறகு அழுதாள். நானும் அழுதேன். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உன்னை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அழவில்லை.

என்னோடு பாளையங்கோட்டைக்கு வந்துவிடச் சொன்னேன். எனக்கு இப்போது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே தனி வீடு இருக்கிறது. அவள் தலையை ஆட்டினாள். “நான் எதுக்கும்மா அங்கன? கேட்டா என்ன சொல்லுவ? ஒனக்கு நான் என்ன முறை?”

நான் அவள் துணிகளை மடிக்கத் தொடங்கினேன். நான் மடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தவள், “தை அறுப்பு முடியட்டும், வாரேன்” என்றாள்.

தை அறுப்பு முடிந்ததும் நானே வண்டி கொண்டுபோய் அழைத்துவருவேன். இங்கே வந்த பிறகு, ஆற்றங்கரைக்குப் போக அவள் ஆசைப்பட்டாலும் கூட்டிக்கொண்டு போவேன், சமைத்துப் போடுவேன், கண்ணுக்கு ஆஸ்பத்திரியில் காட்டுவேன். கடைசி நாளில் பக்கத்தில் இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. யார் கேட்டாலும், அவளே மறுபடி கேட்டாலும், முறை என்னவென்று இனித் தயங்காமல் சொல்வேன்.

உன் தங்கை,
எஸ்தர்