உன் தலைமுடியில் போகாத பீர் வாசனை

இன்று காலை எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகையில் பார்லிச் சக்கை இறக்கினார்கள். பீர் காய்ச்சியபின் மிஞ்சுகிற சக்கை. பால் கூடுதலாகக் கறக்கும் என்று இப்போது பாகூர்ப் பக்கம் பலரும் மாட்டுக்கு வைக்கிறார்கள். ஈரச் சாக்கின் வாயைப் பிரித்ததும், வறுத்த தானியமும் புளித்த கஞ்சியும் கலந்த அந்த வாடை தெரு முழுக்கப் பரவியது. நான் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அப்படியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் மனைவி எழுந்து ஜன்னலையும் சாத்தினாள். அவளுக்குத் தெரியும்.

உனக்கும் எனக்கும் அது சோறு போட்ட வாடை. ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஐ.டி.ஐ. நான் ஊர்த் தெரு, நீ காலனி. வில்லியனூரைத் தாண்டி இருந்த அந்தச் சின்ன பீர் கம்பெனியில் இருவரும் ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தோம். பீர் நொதிக்கும் பெரிய எஃகு டேங்குகள் வரிசையாக நிற்கும் குளிர்ந்த கூடத்தில்தான் நமக்கு வேலை. என் வண்டியில்தான் போவோம், வருவோம். நீ பின்னால் ஏறுவதை என் அப்பா பார்க்கும் நாட்களில் அவர் முகம் ஒரு மாதிரியாகும். நீ கவனித்திருப்பாய். ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

கல்லூரிப் பிள்ளைகள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வரும்போதெல்லாம் நீ ஏதாவது ஒரு வால்வைத் துடைக்கிற சாக்கில் அவர்கள் பின்னாலேயே நிற்பாய். அதிகாரி சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு, திரும்பி வரும்போது வண்டிச் சத்தத்துக்கு மேலே எனக்குக் கத்திக் கத்திச் சொல்வாய். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக இந்தச் சரக்கு முதலில் கப்பலில் பீப்பாய் பீப்பாயாக வந்ததாம். மாதக்கணக்கில் கடலில் கிடந்தும் கெடாமலிருக்கக் கசப்புப் பூவைக் கூடுதலாகப் போடுவார்களாம். பிறகு இங்கேயே காய்ச்சலாம் என்று குளிருக்காக இமயமலைப் பக்கம் ஏறினார்களாம், அப்புறம் நீலகிரி. நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரனுக்கு ஒயின்தான் பெரிது, பீர் அவனுக்கு இரண்டாம்பட்சம் என்பாய்.

"இப்ப மெஷினே குளிரக் குடுக்குது. மலை எதுக்குடா? இந்த வெயில்லயே காச்சறோம் பாரு" என்று என் தோளில் தட்டுவாய்.

எது அதிகம் போகிறது என்று கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். லைட் பீர் பேருக்குத்தான். லாரி லாரியாகப் போவது ஸ்ட்ராங். சனி, ஞாயிறுகளில் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் எல்லை தாண்டி வருகிறவர்கள் கம்பெனிப் பேரைக்கூடக் கேட்பதில்லை. "கூலிங்கா ஒரு ஸ்ட்ராங்" என்பார்கள், அவ்வளவுதான். "வெள்ளக்காரன் தாகத்துக்குக் குடிச்சான். நம்மாளு மறக்கறதுக்குக் குடிக்கிறான். லைட்டுல இன்னாத்த மறக்கறது?" என்று ஒரு முறை சொன்னாய்.

நீ மட்டும் தொட்டதில்லை. பண்டிகைக்குக் கம்பெனி கொடுக்கும் பாட்டில்களைக்கூட வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாய். சாராயக்கடையிலிருந்து உன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்த கதை எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு நாள் கேட்டேன். "ஒரு வாய்கூடப் பாக்க மாட்டியாடா?"

"எங்கப்பா எனக்கும் சேத்துக் குடிச்சிட்டுப் போய்ட்டாருடா" என்றாய்.

அன்றைக்கு மதியம் ஒரு டேங்கைக் காலி செய்திருந்தோம். காலியான டேங்கில் பீர் இருக்காது, ஆனால் காற்றும் இருக்காது. நொதிக்கும்போது வெளிவருகிற வாயு கண்ணுக்குத் தெரியாமல் அடியில் தேங்கி நிற்கும். ஃபேன் வைத்து அதை வெளியேற்றிய பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். அந்த ஃபேன் பழுதாகிக் கிடந்தது. கான்ட்ராக்டில் வந்திருந்த ஒடிசாக்காரர் ஒருவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. தேய்த்துக் கழுவப் பிரஷ்ஷோடு கீழ்த் துவாரம் வழியாக உள்ளே நுழைந்துவிட்டார். பிரஷ் விழுந்த சத்தம் நம் இருவருக்குமே கேட்டது.

நீ ஓடினாய். நான் உன் சட்டையைப் பிடித்தேன். "போவாதடா. மாஸ்க் வரட்டும்."

மாஸ்க் ஸ்டோரில் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார்.

"அது வர்றதுக்குள்ள அவன் போய்டுவான். நான் தள்ளித் தரேன், நீ இழு" என்றாய்.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்து நுழைந்தாய். சொன்னபடியே அந்த மனிதரின் தோள்கள் துவாரத்துக்கு வந்தன. பின்னாலிருந்து நீ தள்ளுவது என் கைகளுக்குத் தெரிந்தது. ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய துவாரம் அது. அவரை முழுதாக வெளியே இழுத்துப் போட்டுவிட்டு உன் கையைத் தேடி என் கையை நீட்டினேன். உள்ளே நீ அடியில் தங்கியிருந்த பீர்க் கசட்டில் குப்புற விழுந்து கிடந்தாய். நான் தலையை நுழைத்தபோது இரண்டு பேர் என் காலைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார்கள். மாஸ்க் வந்து உன்னை வெளியே எடுத்தபோது நீ இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஷிப்ட் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட அன்பாகப் பேசினார். "போலீஸ் கேட்டா, கொஞ்சம் சாப்ட்ருந்தாருன்னு சொல்லிடுங்க. டேங்க்ல மிச்சம் இருக்கறத எடுக்கப் போனாருன்னு. எல்லாருக்கும் நல்லது."

"அவன் குடிக்க மாட்டான் சார்."

"இப்ப அவரு வந்து இல்லன்னு சொல்லப் போறாரா?"

போலீஸ் கேட்டபோது நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஃபேன், பூட்டிய ஸ்டோர், எல்லாம். அந்த வாரமே என்னைப் பாட்டில் கழுவும் பக்கம் மாற்றினார்கள். கொஞ்ச நாளில் நானே வேலையை விட்டுவிட்டேன். இப்போது பூரணாங்குப்பம் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் இருக்கிறேன்.

ஆனால் மேனேஜர் சொல்லித்தான் ஊர் நம்ப வேண்டும் என்று இல்லை. பிரேதப் பரிசோதனை முடித்து, கழுவி, வெள்ளைத்துணி சுற்றித்தான் உன்னைக் கொடுத்தார்கள். உன் தலைமுடியில் மட்டும் அந்த வாசனை போகவில்லை. உன் மனைவி மேரி உன் நெற்றியில் முகத்தை வைத்தவள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இன்னாண்ணா இது, இப்படி வாசன வருது?"

அவளுக்குச் சொன்னேன். அவள் நம்பினாள். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் உன் தலையை மடியில் வைத்து மறுபடியும் கழுவினாள். ஆனால் சுற்றி நின்றவர்கள் அதற்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை முடிந்து கல்லறைக்குப் போவதற்குள் பேச்சு ஊர் முழுக்கப் போய்விட்டது.

என் வீட்டிலும்தான். "காலனி ஆளு, பீர் கம்பெனி வேற. குடிக்காமயா இருந்திருப்பான்?" என்றார் அப்பா.

"நான் கூடவே இருந்தேன்பா."

"நீ ஷிப்ட்ல இருந்த. அவன் வாய்க்குள்ளயா இருந்த?"

உன் உடம்பில் மது இல்லை என்று அறிக்கை வந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் படித்தே காட்டினேன். கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அதன் பிறகும் உன் பேச்சு வந்தால் நீ குடித்திருந்ததாகத்தான் சொல்கிறார். அந்த ஒடிசாக்காரர் பிழைத்துக்கொண்டார். ஊருக்குப் போனபின் ஒரு முறை போன் செய்து, தெரிந்த தமிழில் "அண்ணன் நல்ல ஆள், நல்ல ஆள்" என்று அழுதார். அதை இந்த ஊரில் யார் கேட்டார்கள்?

போன கல்லறைத் திருநாளன்று உன்னிடம் வந்திருந்தேன். மேரி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். உன் மகள் ஜெனி இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். பூவை வைத்துவிட்டு என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள்.

"மாமா, எங்கப்பா அன்னைக்குக் குடிச்சிருந்தாரா?"

"இல்லம்மா" என்றேன். முழுவதையும் சொன்னேன், அவள் அம்மா இதுவரை சொல்லாமல் விட்டிருந்த அந்தத் தலைமுடி வாசனையையும். அவள் அழவில்லை.

"அப்பறம் ஏன் மாமா கிளாஸ்ல எல்லாரும் அப்படிச் சொல்றாங்க?"

எனக்குப் பதில் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எந்தத் தெருப் பிள்ளைகள் சொல்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. "எங்க தெருவுல அப்படியே பேசிப் பழகிட்டாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கீழே கிடந்த ஒரு பூவை எடுத்து மண்ணைத் தட்டினாள். பிறகு, "நீங்க ஒரு நாள் எங்க ஸ்கூலுக்கு வந்து சொல்றீங்களா மாமா? நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போவேன். டீக்கடையில் சொல்கிறேன், ஐஸ் கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்கிறேன், அப்பா சாப்பிட உட்காரும்போதும் சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். நீ குடித்திருக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாய். இன்னொருவரை உயிரோடு என் கையில் கொடுத்தாய்.