ஆவி கேட்ட கேள்வி

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீ கேட்ட இரண்டு பனியனையும் சோப்பையும் சிறை வாசலில் கொடுத்துவிட்டு வந்தோம். கைக்கு வந்து சேர்ந்ததா?

நாம் சேர்ந்து பார்த்த அந்த ஜப்பான் கார்ட்டூன் தொடரின், அந்த அனிமேயின், மூலப் படக்கதையான மாங்கா முடிந்துவிட்டதாமே, படித்துக் கதையை எழுது, இங்கே பொழுது போகமாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தாய். படித்துவிட்டேன். மொத்தம் பதினெட்டு பாகம். வாடகைப் புத்தகக் கடைக்காரர் ஒரு தடவைக்கு இரண்டுதான் தருகிறார். சலவைக்கூடத்தில் வேலை இடைவேளையின்போது, ஆஸ்பத்திரி விரிப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து படித்தேன். ஜப்பான் புத்தகம் என்பதால் நான் வலப்பக்கத்திலிருந்து புரட்டுவதைப் பார்த்த இஸ்திரி அக்கா, ஏண்டி, வீட்டுக்குப் போற அவசரத்துல கடைசிலேருந்து ஆரம்பிச்சிட்டியா என்று கேட்டுச் சிரித்தாள்.

அனிமே உனக்கு நினைவிருக்கும். ஒருவன் செத்தால், அதற்குக் காரணமானவர் முதுகில் அவன் ஆவி ஏறிக்கொள்ளும். தங்கைமேல் ஏற வந்த ஆவியிடம், நான்தான் செய்தேன் என்று பொய் சொல்லி அண்ணன் தன் முதுகைக் காட்டுவான். கடைசி எபிசோடில் ஆவி கரைந்துபோகும். அவன் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவான். நீ கைதட்டினாய்.

அந்த முடிவு அனிமேக்காரர்கள் தாங்களாக வைத்தது, அண்ணா. அவர்கள் எடுத்தபோது மாங்கா ஒன்பதாம் பாகத்தைத் தாண்டவில்லை. பத்தாம் பாகத்தில் ஆவி கரையவில்லை. அவன் காதருகே குனிந்து, சாகும்போது நான் கடைசியா என்ன சொன்னேன் என்று கேட்கிறது. அவனுக்குத் தெரியாது. அவன் அங்கே இல்லையே. பதில் வராத ஒவ்வொரு நாளும் அது இன்னும் கனக்கிறது. பதினாறாம் பாகத்தில் அவன் தவழ்கிறான். ஆவிக்கும் விடுதலை இல்லை. சம்பந்தமில்லாத ஒரு முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அங்கே புத்தகத்தை மூடியவள் நான்கு நாள் தொடவில்லை.

கோர்ட்டில், வேனில் அடிபட்டுச் செத்த அந்த சைக்கிள்காரரின் மனைவி உன்னிடம், எங்க வீட்டுக்காரர் கடைசியா ஏதாவது சொன்னாராப்பா என்று கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். பையன் ரொம்ப வருத்தப்படறான்மா என்று வக்கீல் சமாளித்தார். மூன்றாவது பெஞ்சில் அம்மா பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதில் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார்கள் என்பதால் இந்த ஏழு மாதமும் மழை, வெயில், அம்மாவின் மாத்திரை என்றே எழுதிவந்தேன். இதையும் படிப்பார்கள். படிக்கட்டும். அந்த மாலை நீ டீ குடிக்கப் போயிருந்தாய். ரிவர்ஸ் எடுத்துப் பழகலாம் என்று உன் வேன் சாவியை எடுத்தது நான். பின்னால் சைக்கிளில் வந்தவரை இடித்ததும், இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் நான்தான். நீ ஓடிவந்து, உள்ள போ, நீ எதையும் பாக்கல, மத்தத நான் பாத்துக்கறேன் என்று என்னைத் தள்ளியபோது அவர் பேச்சு நின்றிருந்தது.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் போதும், அவசரக்குடுக்க, பின்னாடி ஆள் வரத பாக்காம எவனாவது வண்டிய எடுப்பானா என்று உன்னைத் திட்டுகிறாள். திட்டிவிட்டு அழுகிறாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

கதையின் முடிவைக் கேட்டாயே. தங்கை வந்து, சாகும்போது அது கடைசியாகச் சொன்னதை அதனிடமே திரும்பச் சொல்கிறாள். ஆவி அண்ணனை விட்டு இறங்கி அவள் முதுகில் ஏறிக்கொள்கிறது. அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் இல்லை. சுமந்து சுமந்து அவனுக்கு விழுந்த கூன் கூனாகவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அந்த சைக்கிள்காரரின் மனைவி வீட்டுக்குப் போகிறேன். மறுநாள் வக்கீலிடம். கணவர் கடைசியாகச் சொன்னதை முதலில் கேட்க வேண்டியவர் அந்த மனைவிதான், அதனால் அதை இங்கே எழுதவில்லை.

உன்னையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். என் தங்கைக்கு வண்டியே ஓட்டத் தெரியாது சார், பாசத்துல உளர்றா என்று நீ சொல்வாய். நீ சொன்னால் நம்பிவிடுவார்கள். சொல்லாதே, அண்ணா. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இந்த ஒரு தடவை மட்டும் குறுக்கே வராதே.

இப்படிக்கு,
உன் வாயாடித் தங்கை